கொலை நடந்த இடத்தில் வைத்த பூவை யார் அள்ளலாம்?

மால்டாவின் தலைநகர் வாலெட்டாவில், நீதிமன்றத்துக்கு நேர் எதிரே ஒரு பழைய நினைவுச்சின்னம் இருக்கிறது. 1565-இல் நடந்த பெரிய முற்றுகையின் நினைவாக 1927-இல் வைத்த மூன்று வெண்கல உருவங்கள். 2017 அக்டோபர் 16 அன்று டாஃப்னி கருவானா கலிசியா என்ற பத்திரிகையாளரைக் காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள். ஆட்சியில் இருந்தவர்களின் ஊழலை எழுதிக்கொண்டே இருந்தவர். அவர் செத்த பிறகு மக்கள் இந்தச் சிலைகளின் காலடியில் பூ, மெழுகுவத்தி, அவருடைய படம், கையால் எழுதிய அட்டைகள் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். அப்புறம் வந்து பார்த்தால் எதுவும் இல்லை, தரை சுத்தமாக இருந்தது. மறுபடி வைத்தார்கள், மறுபடியும் காணோம்.

எடுத்துப் போனது ஏதோ காலிப் பயல்கள் இல்லை, அரசாங்கத்தின் துப்புரவுப் பணியாளர்கள்தான். 2018 செப்டம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், சிலைகளைப் பழுது பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அந்த இடத்தைச் சுற்றித் தடுப்பே அடித்துவிட்டார்கள். ஜனங்கள் அந்தத் தடுப்பின் மேலேயே படத்தை ஒட்டினார்கள், தரையில் பூவை வைத்தார்கள், ஒவ்வொரு மாதமும் 16-ஆம் தேதி தவறாமல் அங்கே கூடினார்கள். கடைசியில் ஒருவர் வழக்குப் போட்டு, 2020 ஜனவரியில் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அஞ்சலிப் பொருள்களைத் திரும்பத் திரும்ப அகற்றச் சொன்ன அமைச்சர், குடிமக்களின் கருத்துச் சுதந்திரத்தை மீறியிருக்கிறார்.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, நீதிமன்றம் அந்தப் பூவை எந்தக் கணக்கில் சேர்த்தது என்பது. துக்கம் கொண்டாடும் உரிமை என்றோ மத உரிமை என்றோ பேசவில்லை. பூ வைப்பதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டது. யோசித்துப் பார்த்தால் அரசாங்கமும் அதைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. வாடிப்போன பூவைப் பார்த்து எந்த அமைச்சருக்கும் தூக்கம் கெடப் போவதில்லை. "கொல்லச் சொன்னது யார்" என்ற கேள்வி தினமும் காலையில் நீதிமன்ற வாசலில் வந்து நின்றால்தான் கெடும்.

கொலைக்குப் பிறகு பொதுமக்கள் காட்டும் உணர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். "ஊரே சோகத்தில் மூழ்கியது" என்று ஒரு வரி, மெழுகுவத்தி ஏந்திய ஒரு படம், அத்தோடு செய்தி முடிந்துவிடும். ஆனால் நோயில் இறந்தவருக்கு வைக்கும் பூவும் கொலையானவருக்கு நடுத்தெருவில் வைக்கும் பூவும் ஒன்றில்லை. கல்லறையில் வைக்கும் பூவுக்கு யார் அனுமதியும் வேண்டாம், யாரும் அதைத் தட்டிக் கேட்கவும் மாட்டார்கள். கொலை நடந்த இடத்தில் வைப்பது எல்லோரும் நடக்கிற பாதையை மறிக்கிறது, போகிறவர்களை நிறுத்துகிறது, இங்கே இது நடந்தது என்று பேருந்துக்குக் காத்திருக்கிறவரிடமும் சொல்கிறது. ஜாக் சாண்டினோ என்ற நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் வட அயர்லாந்தில், அரசியல் கொலைகள் நடந்த இடங்களில் மக்கள் தாங்களாகவே வைத்த பூக்களைப் பார்த்துவிட்டு, இவற்றுக்கு 'தன்னிச்சையாக எழும் நினைவிடங்கள்' என்று பொருள்படும் ஒரு பெயர் கொடுத்தார். அவர் சொன்னது, இவை இறந்தவரை நினைவுகூரவும் செய்கின்றன, கூடவே பார்க்கிறவர்களிடம் எதையோ கேட்கவும் செய்கின்றன என்று.

லண்டனில் 2021 மார்ச்சில் நடந்ததும் இதே மாதிரிதான். தெருவில் நடந்து வீடு திரும்பிய சாரா எவரார்ட் என்ற 33 வயதுப் பெண்ணைக் கடத்திக் கொன்றவர், லண்டன் காவல்துறையில் வேலை பார்த்துவந்த ஒரு போலீஸ்காரர். சாராவுக்காகக் கிளாப்பம் காமன் பூங்காவின் இசை மண்டபத்தில் பெண்கள் கூடியபோது, கொரோனா கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, அதே காவல்துறையின் ஆட்கள் பூக்களுக்கு நடுவே புகுந்து பெண்களைத் தரையில் அழுத்திப் பிடித்து விலங்கு மாட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கூட்டத்தை ஏற்பாடு செய்யவிருந்தவர்களின் உரிமையைக் காவல்துறை மீறியது என்று ஓர் ஆண்டு கழித்து உயர்நீதிமன்றம் சொன்னது.

சரி, மக்கள் பக்கம்தான் எப்போதும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. கூட்டம் எந்தப் பக்கமும் திரும்பும், சில சமயம் ஒரே மாலையில் இரண்டு பக்கமும் திரும்பும்.

இங்கிலாந்தில் சவுத்போர்ட் என்று ஒரு கடற்கரை ஊர். 2024 ஜூலை 29 அன்று அங்கே குழந்தைகளுக்கான ஒரு நடன வகுப்பில் 17 வயதுப் பையன் ஒருவன் கத்தியோடு நுழைந்தான். 6, 7, 9 வயதில் மூன்று சிறுமிகள் இறந்தார்கள். மறுநாள் மாலை ஊர் மக்கள் பூவோடும் பொம்மையோடும் கூடி, பேச்சுமூச்சில்லாமல் நின்றார்கள். அதே மாலை, அதே ஊரில், கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பள்ளிவாசல் முன்னால் இன்னொரு கூட்டம் செங்கல்லை எறிந்துகொண்டிருந்தது. போலீஸ் வேன் எரிந்தது, 50-க்கும் மேற்பட்ட போலீசாருக்குக் காயம்.

பள்ளிவாசலுக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை. கொலை செய்தவனுக்கு 18 வயது ஆகாததால் போலீசார் பெயரை வெளியிட முடியவில்லை. அந்தச் சில மணி நேரத்தில் இணையத்தில் யாரோ ஒரு பெயரைக் கிளப்பிவிட்டார்கள், முஸ்லிம் பெயர் மாதிரித் தொனிக்கிற பெயர், படகில் வந்து புகலிடம் கேட்டவன் என்று ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. இரண்டுமே பொய். பையன் பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில் பிறந்தவன். ஆகஸ்ட் 1 அன்று நீதிபதி பெயரை வெளியிட அனுமதித்தார். ஆனால் அதற்குள் நெருப்பு வேறு ஊர்களுக்கும் பரவியிருந்தது, புகலிடம் கேட்டு வந்தவர்கள் தங்கியிருந்த விடுதிகளைக்கூடத் தாக்கினார்கள். எறிந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே காரணம்: நம் குழந்தைகளுக்காக.

அந்தக் குழந்தைகளின் பெற்றோர் யாரும் இதைக் கேட்கவில்லை. இறந்த சிறுமிகளில் ஒருத்தியின் அம்மா, வன்முறையை நிறுத்துங்கள் என்று கலவரம் நடந்த அந்த இரவிலேயே எழுதினார். பிள்ளை போன மறுநாள் ஒரு தாய் ஊரை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. விடிந்ததும் ஊர்க்காரர்கள் துடைப்பம், சாந்துக்கரண்டி சகிதமாக வந்து தெருவைக் கூட்டி, இடிந்த பள்ளிவாசல் சுவரைத் திரும்பக் கட்டினார்கள். அதையும் அஞ்சலிக் கணக்கில் சேர்ப்பேன், பூவை விட ஒரு படி மேலேயே.

ஏன் இப்படி இரண்டாகப் பிரிகிறது? கொடூரமான கொலை ஒன்றைக் கேள்விப்பட்டதும் மனம் முதலில் தேடுவது காரணத்தை. காரணம் தெரியாமல் சும்மா இருப்பது மனிதனால் தாங்க முடியாத ஒன்று. போலீசார் விசாரித்து, சாட்சி சேர்த்து, சொல்வதற்கு நாளாகும். அந்த இடைவெளியில் ஏற்கெனவே யார் மேல் வெறுப்பு இருக்கிறதோ அவர்கள் மேல் பழி போய் உட்கார்ந்துகொள்கிறது. எந்த ஊரிலும் இதுதான் நடக்கிறது, வாட்ஸ்அப் வந்த பிறகு நாளாக இருந்தது நிமிஷமாகிவிட்டது, அவ்வளவுதான்.

நல்ல எண்ணத்தோடு கிளம்பும் கதையும் தப்பாகப் போவதுண்டு. 1964 மார்ச் 13 விடியற்காலையில் நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ், 38 பேர் ஜன்னல் வழியாக அரை மணி நேரத்துக்கு மேல் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் போலீசைக் கூப்பிடவில்லை என்று எழுதியது. அதிலிருந்துதான் கூட்டம் அதிகமாக இருந்தால் உதவி குறையும் என்ற உளவியல் ஆராய்ச்சியே பிறந்தது, பாடப்புத்தகம் வரை போனது. பிற்பாடு தோண்டிப் பார்த்தால், முழுவதையும் பார்த்தவர் என்று 38 பேர் கிடையாது. பலர் காதில் விழுந்தது ஏதோ ஒரு கூச்சல்தான். இரண்டாவது தாக்குதல் கட்டடத்தின் பின்பக்க நுழைவில், தெருவின் பார்வைக்கே படாத இடத்தில் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் கொலைகாரன் அங்கேயே இருக்கிறானா என்றுகூடப் பார்க்காமல் ஓடிப்போய், கிட்டியை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பத்திரிகையே 2016-இல் தன் பழைய செய்தியில் பிழை இருந்ததை ஒப்புக்கொண்டது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக 'அக்கறையில்லாத நகரம்' என்பதற்கு உதாரணமாகவே கிட்டியின் பெயர் சொல்லப்பட்டுவந்தது. அவர் யார், என்ன வேலை பார்த்தார், யாரோடு வாழ்ந்தார் என்பதெல்லாம் மறைந்தே போனது, மடியில் தாங்கிய பெண்ணும் சேர்ந்து மறைந்துபோனார்.

கதை தன் கையை விட்டுப் போகும் முன்பே அதைப் பிடித்துக்கொண்ட ஒரு தாயும் உண்டு. எம்மெட் டில், சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில், வெள்ளைக்காரப் பெண்ணிடம் வம்பு செய்தான் என்று குற்றம்சாட்டி, தூக்கிப்போய் அடித்துக் கொன்று டல்லஹாச்சி ஆற்றில் எறிந்தார்கள். உடல் அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. மூடிப் புதைத்துவிடலாம் என்றுதான் அதிகாரிகள் நினைத்தார்கள். அம்மா மேமி டில் ஒப்புக்கொள்ளவில்லை. உடலைச் சிகாகோவுக்குக் கொண்டுவரச் செய்து, பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். 'ஜெட்' பத்திரிகை அந்த முகத்தின் படத்தை அச்சிட்டது. மிசிசிப்பியில் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு, ஒரு மணி நேரம் சொச்சத்தில், குற்றம்சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. சில மாதம் கழித்து அந்த இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள், ஒரே குற்றத்துக்கு இரண்டாவது முறை வழக்கு நடத்த முடியாது என்பதால் தைரியமாக.

இது பழைய கதை என்று நினைத்தால், அந்த ஆற்றங்கரைப் பலகையின் கதையைக் கேட்க வேண்டும். உடல் கிடைத்த இடத்தில் அரை நூற்றாண்டு கழித்துத்தான் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது பலகை வைத்தார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள், 317 ஓட்டைகள். 2018-இல் மூன்றாவது, ஐந்து வாரத்திலேயே அதிலும் குண்டு துளைத்தது.  2019-இல் நான்காவது பலகை: குண்டு துளைக்காத எஃகு, எடை இருநூறு கிலோவுக்கு மேல். இறந்து 64 ஆண்டான சிறுவனின் பெயருக்குக் கவசம் போட வேண்டி வந்தது. அந்த 317 ஓட்டைப் பலகையை 2021-இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் அப்படியே காட்சிக்கு வைத்தார்கள், ஒட்டாமல், பூசாமல். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல நினைவுச்சின்னம் ஒரு சிற்பியாலும் செய்திருக்க முடியாது, சுட்டவர்களே செய்துகொடுத்துவிட்டார்கள்.

பலகையை ஏன் சுட வேண்டும்? செத்தவன் திரும்பி வரப்போவதில்லை, கொன்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பலகை சொல்லாமல் சொல்வது "இங்கே ஒரு குற்றம் நடந்தது, இந்த ஊர் அதை மூடி மறைத்தது" என்பது. ஊரின் மானம் என்று எதையோ காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு அது தினமும் உறுத்துகிறது. லண்டன் எல்டமில் ஸ்டீபன் லாரன்ஸ் குத்தப்பட்ட பேருந்து நிறுத்தத்துக்கு அருகே தரையில் பதித்த கல்லுக்கும் இதே கதிதான். கட்டடக் கலைஞராக விரும்பிய 18 வயதுக் கறுப்பின மாணவரான அவரை 1993 ஏப்ரல் 22 அன்று நிறவெறிக் கும்பல் ஒன்று கொன்றது. போலீசார் விசாரணையைச் சொதப்பியதை 1999 பிப்ரவரியில் மேக்ஃபர்சன் அறிக்கை வெளிச்சம் போட்டு, காவல்துறை அமைப்பாகவே நிறவெறி கொண்டது என்று எழுதியது. அறிக்கை வந்த கையோடு அந்தக் கல்லின் மேல் யாரோ வெள்ளைப் பெயின்டைக் கொட்டினார்கள். சரி, அங்கே ஒரு கேமரா இருந்ததே, பிடித்துவிடலாம் என்று பார்த்தால், அது வெறும் டம்மி கேமரா.

ஸ்டீபனின் உடலை அவருடைய பெற்றோர் லண்டனில் புதைக்கவே இல்லை. கல்லறையையும் நாசம் செய்வார்கள் என்று பயந்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் 1998-இல், ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்ட மேத்யூ ஷெப்பர்டின் பெற்றோரும் அதே பயத்தில் மகனின் அஸ்தியை எங்கும் அடக்கம் செய்யாமல் இருபது ஆண்டுகள் தங்களிடமே வைத்திருந்து, 2018-இல்தான் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் வைத்தார்கள். அவருடைய இறுதிச்சடங்குக்கு வெளியே வெறுப்பு வாசகம் எழுதிய அட்டைகளோடு ஒரு கும்பல் நின்றது, அதைப் பார்த்த பெற்றோருக்கு வேறு எப்படித் தோன்றும்?

தாக்கினால் பெருகுவதும் உண்டு. பிரேசிலின் ரியோ நகர மன்ற உறுப்பினர் மரியெல் ஃபிராங்கோவை 2018 மார்ச் 14 அன்று காரில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள், ஓட்டுநரும் இறந்தார். ஆதரவாளர்கள் அவர் பெயரில் ஒரு தெருப்பலகை செய்து மன்றத்தின் அருகே மாட்டினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் நின்ற இரண்டு வேட்பாளர்கள் அதை இரண்டாக உடைத்து, மேடையில் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். (இரண்டு பேரும் ஜெயித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அதற்குப் பதிலாக மக்கள் பணம் திரட்டி அதே பலகையை ஆயிரக்கணக்கில் அச்சடித்தார்கள். வீட்டுச் சுவரில், பல்கலைக்கழகத்தில், வெளிநாடுகளில் எல்லாம் அந்த நீலப் பலகை தொங்கியது.

இதுவரை சொன்னதெல்லாம் எதிரிகளோடு நடக்கும் சண்டை. துக்கப்படுகிறவர்களுக்குள்ளேயே நடக்கும் சண்டை இன்னும் சிக்கலானது. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தாங்களும் செத்தபோது, ஒரு தச்சர் தூரத்து ஊரிலிருந்து வந்து குன்றின் மேல் 15 மரச் சிலுவைகளை நட்டார். பதின்மூன்று இல்லை, பதினைந்து. கொன்ற இருவரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்பது அவர் எண்ணம். மகனை இழந்த ஒரு தகப்பன் வந்து அந்த இரண்டையும் பிடுங்கி எறிந்தார். தச்சர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் அந்தத் தகப்பன் இடத்தில் நின்று பார்த்தால் வேறு எதுவும் செய்யத் தோன்றாது. வேறொருவர் வீட்டுத் துக்கத்தில் பெருந்தன்மையைக் காட்ட நமக்கு என்ன உரிமை?

பெயரிலும் இதே இழுபறி. 2019-இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் பெயரைத் தன் வாயால் சொல்லவே மாட்டேன் என்றார் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், இறந்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றார். இந்தியாவில் நிலைமை தலைகீழ். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றம், பெண்ணைக் காப்பதற்காக வந்த சட்டம். அதனால் 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட பெண்ணுக்காக நாடே தெருவில் இறங்கியபோது, ஊடகங்கள் வைத்த 'நிர்பயா' என்ற பெயர்தான் எல்லோர் வாயிலும் இருந்தது. அந்தக் கோபம் வீண் போகவில்லை, நீதிபதி வர்மா குழு ஒரு மாதத்துக்குள் அறிக்கை கொடுத்து, 2013-லேயே சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் மூன்று ஆண்டு கழித்து அந்தப் பெண்ணின் அம்மா ஒரு கூட்டத்தில் மகளின் உண்மையான பெயரைத் தானே சொன்னார். வெட்கப்பட வேண்டியது குற்றம் செய்தவர்கள், நாங்கள் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டார்.

இதில் யாரும் பேசாத ஒரு சங்கதி, வந்து குவிந்ததை எல்லாம் என்ன செய்வது என்பது. 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் நியூடவுனில் சாண்டி ஹூக் ஆரம்பப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, உலகம் முழுவதிலுமிருந்து கரடி பொம்மைகள் வந்தன. பத்து நூறு இல்லை, அறுபதாயிரத்துக்கும் மேல். ஊரின் மொத்த ஜனத்தொகையே முப்பதாயிரத்தை எட்டாது. கிடங்கு பிடித்து அடுக்கினார்கள், தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நிறைய பொம்மைகளை வேறு இடத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். தெருவோரத்தில் மழையிலும் பனியிலும் நனைந்துபோன பூக்களையும் பொம்மைகளையும் குப்பையில் போட மனம் வரவில்லை, எரித்துச் சாம்பலாக்கி, 'புனித மண்' என்று பெயர் வைத்து, பிற்பாடு கட்டப்போகும் நினைவிடத்தில் சேர்ப்பதற்கு எடுத்துவைத்தார்கள்.

நினைவிடம் அமைய ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. வட்டமான ஒரு நீர்த்தொட்டி, நடுவில் மரம், விளிம்புக் கல்லில் 26 பெயர்கள். தண்ணீர் நடுவை நோக்கி மெல்லச் சுழல்வதால் விளிம்பில் விடும் பூ தானாக நகர்ந்து மரத்தை நோக்கிப் போகும். முதலில் குடும்பங்களை மட்டும் அழைத்துக் காட்டினார்கள். 2022 நவம்பர் 13 அன்று பொதுமக்களுக்குத் திறந்தபோது விழா இல்லை, பேச்சும் இல்லை.